வீணாகும் அரசுப் பணம்: எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் பதினோரு வருடமாக மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். அந்தக் கட்டடம் ஏன் பூட்டியே கிடக்கிறது, இந்த ரோடு ஏன் ஒரே மழையில் போனது, அதெல்லாம் யார் பணம் என்று. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"நாங்க வருமான வரியே கட்டுறதில்லை. அரசாங்கம் வீண் செலவு பண்ணா எங்களுக்கு என்னக்கா நஷ்டம்?"

வருமான வரி கட்டாத வீடு நிறைய உண்டு. வரியே கட்டாத வீடு கிடையாது. 199 ரூபாய்க்குப் போன் ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 30 ரூபாய் ஜிஎஸ்டி. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத வரி 5 சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை.

டீசல், பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராது. தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் மாநில வரி. மத்திய அரசின் கலால் வரி தனி. பதிவு செய்த படகுக்கு ஒரு அளவு வரைக்கும் மாநில வரி இல்லாத டீசல் கிடைக்கிறது, சரி. ஆனால் ஐஸ் ஏற்றி வரும் வண்டிக்கும், மீனை மதுரைக்கு ஏற்றிப் போகும் வண்டிக்கும் அந்தச் சலுகை இல்லை. அந்த வரி ஐஸ் விலையில் ஏறும், வாடகையில் ஏறும், கடைசியில் கரையில் உங்கள் மீனுக்குக் கிடைக்கும் விலையில் குறையும்.

"எதைத்தான் வீண் செலவுன்னு சொல்றீங்க? நமக்குப் பிடிக்காததெல்லாம் வீணா?"

பிடிக்காத கட்சி போட்ட ரோடு வீண் செலவு ஆகாது. யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்குப் பயன்படாமல் போனது, பாதியில் நின்றது, தேவைக்கு மேல் விலை கொடுத்தது, கட்டிவிட்டுக் கைகழுவியது. இந்த நான்கில் ஒன்றாக இருந்தால்தான் வீண் என்பேன். திருட்டு வேறு. திருட்டே நடக்காமல், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருந்தும் பணம் வீணாகலாம். நம் பக்கத்தில் அதுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

பக்கத்து ஊரில் ஒரு கருவாட்டுக் களம் இருக்கிறது. நல்ல சிமெண்டுத் தளம், சுற்றிலும் கம்பி வேலி, பெயர்ப் பலகை எல்லாம் உண்டு. தளத்தின் நடுப்பகுதி கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. மீனிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் வெளியே போகாமல் அங்கே தேங்கும். முதல் வருடம் பெண்கள் நெத்தலியும் காரலும் பரப்பிப் பார்த்தார்கள். அடியில் இருந்ததெல்லாம் ஊறிப் புழு வைத்துவிட்டது. அதோடு படகு கரையேறும் இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம், சுடுமணலில் தலைச்சுமையோடு நடக்க வேண்டும். இப்போது அவர்கள் பழைய வலையை மணலில் விரித்து அதில்தான் காயப்போடுகிறார்கள். களத்தில் கல்யாணப் பந்தல் கம்புகள் அடுக்கியிருக்கிறது. வாட்டம் கடல் பக்கம் இருக்கட்டும், களம் கரையை ஒட்டி இருக்கட்டும் என்று அந்தப் பெண்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

"தடைக்காலத்துல குடுக்குற பணம், பொம்பளைங்களுக்கு பஸ்ல டிக்கெட் இல்லாதது, இதெல்லாம் வீண் செலவுதானேன்னு டவுன்ல சொல்றாங்களே?"

இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்வதே அரசாங்கம்தான். மீன் குஞ்சு பொரிக்க அந்த இடைவெளி வேண்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. தொழிலை நிறுத்தச் சொன்னவர் சாப்பாட்டுக்கு வழி காட்ட வேண்டும். நிவாரணத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். பேருந்திலும் அப்படித்தான். மீன் கூடையோடு போகிற ஒரு பெண்ணுக்கு அந்த டிக்கெட் காசு அன்றைய லாபத்தில் ஒரு பங்கு.

இதில் வீண் எங்கே வரும் என்றால், பட்டியலில். கடலையே பார்க்காதவர் பெயர் இருப்பதும், இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருப்பதும் வீண். அதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். திட்டத்தையே நிறுத்து என்று சொல்வது வேறு பேச்சு.

"சேது கால்வாய்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்களே, அதுக்கு எவ்வளவு போச்சு?"

சுமார் 766 கோடி ரூபாய். ஒரு கப்பல் கூட அந்த வழியில் போகவில்லை.

2005 ஜூலை 2 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைத்து 167 கிலோமீட்டர் கப்பல் வழி. ஆழம் இல்லாத இடங்களில் 300 மீட்டர் அகலத்துக்கும் 12 மீட்டர் ஆழத்துக்கும் கடலடி மண்ணை வார வேண்டும். வார ஆரம்பித்தார்கள். 2007இல் ராமர் பாலத் திட்டுக்குச் சேதம் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2009இல் வேலை முழுவதும் நின்றது. மாற்று வழி உண்டா என்று பார்க்க 2008இல் சுற்றுச்சூழல் அறிஞர் பச்சௌரி தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த மாற்று வழியும் பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் சரிப்படாது என்று குழு சொன்னது 2013இல் வெளியே வந்தது. 2018இல் மத்திய அரசு பழைய வழியில் திட்டத்தைச் செய்யப் போவதில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. முடிக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

நம் கடலைப் பற்றி ஒன்று எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடியில் இந்த வருடம் இருக்கிற மணல் மேடு அடுத்த வருடம் அதே இடத்தில் இருக்காது. வாடைக் காற்றுக்கு ஒரு பக்கம் சேரும், கச்சான் காற்றுக்கு இன்னொரு பக்கம் நகரும். அப்படிப்பட்ட இடத்தில் வாரிய மண்ணை வருடா வருடம் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் விட்டால் வாரியதும் தூர்ந்துவிடும். பாதிப் பாலத்தில் தூணாவது மிஞ்சும், பாதிக் கால்வாயில் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் இந்த 766 கோடியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"கோர்ட்டுதானே நிறுத்துச்சு? அரசாங்கத்து மேல என்னக்கா தப்பு?"

நிறுத்தியது நீதிமன்றம்தான். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் புனிதமாக நினைக்கும் இடத்தின் குறுக்கே வழி போட்டால் வழக்கு வரும் என்பது ராமேசுவரத்தில் தேங்காய் விற்கும் பிள்ளைக்குக் கூடத் தெரியும். கால்வாய் வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நான் பொதுவாகவே பேசுகிறேன். வேண்டும் என்றால், வழியை முதலில் முடிவு செய்து, எதிர்ப்பைத் தீர்த்துக்கொண்டு, அப்புறம் மண்ணில் கை வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு ரூபாய் கூடச் செலவழித்திருக்கக் கூடாது. 12 மீட்டர் ஆழத்தில் பெரிய சரக்குக் கப்பல்கள் போக முடியாது, அப்படியானால் எத்தனை கப்பல் வரும், கட்டணம் எவ்வளவு வசூலாகும் என்ற கேள்வியும் தோண்டுவதற்கு முன்பே தீர வேண்டியது.

"இந்தியா முழுக்கப் பங்கு போட்டா தலைக்கு ஆறு ரூபாய்தான் வருது. அதுக்கா இவ்வளவு பேச்சு?"

இந்தக் கணக்கைப் போட்டுக் கேட்டது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. கணக்கு சரி. 2011 கணக்கெடுப்புப்படி 121 கோடிப் பேர், 766 கோடியை வகுத்தால் ஆறு ரூபாய் சொச்சம்.

ஆனால் செலவைத் தலைக்கு வகுத்தால் எதுவுமே சிறிதாகத்தான் தெரியும். அதே பணத்தில் வேறு என்ன நடந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் செலவு 616 கோடி. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளுக்காகப் போட்ட திட்டம் அது. குடம் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறார்கள். கடலுக்குள் போன பணம் அப்படி இன்னொரு திட்டத்துக்கு மேலேயே காணும்.

"கடன் வாங்கித்தானே செலவு பண்றாங்க? அப்புறம் எப்படி நம்ம வரிப்பணம்னு சொல்றீங்க?"

கடனை அடைப்பது யார்? 2025-26 பட்ஜெட் கணக்கில் தமிழ்நாட்டு அரசின் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி. அந்த ஒரு வருடத்துக்கு வட்டி மட்டும் சுமார் 70,000 கோடி. மாநிலத்தின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது. குழுவில் கடன் வாங்கி மாடு வாங்கினால் பால் காசில் தவணை கட்டலாம். கடன் வாங்கிப் பூட்டிய கட்டடம் கட்டினால் தவணை மட்டும் நிற்கும்.

"புதுப் பாம்பன் பாலமும் சொன்னதைவிட ரெண்டு மடங்கு ஆச்சே. அதுவும் வீண்தானா?"

நான் அதை வீண் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் சுமார் 250 கோடி என்று சொன்னார்கள், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும்போது 550 கோடியைத் தாண்டியிருந்தது. 1914இல் கட்டிய பாலம் உப்புக்காற்றில் இற்றுப் போயிருந்தது, மாற்றத்தான் வேண்டும். இப்போது ரயில் போகிறது, கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மேலே ஏறி வழி விடுகிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன நான்கு அடையாளங்களில் எதுவும் இதற்கு முழுதாகப் பொருந்தாது.

ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அது எந்தக் கணக்கிலும் வராது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து இரண்டேகால் வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. ராமேசுவரத்துக்காரர் பெட்டியும் பிள்ளையுமாக மண்டபம் வந்து ரயில் ஏறினார். அந்தப் பேருந்துக் காசும் ஆட்டோக் காசும் வரிக்கு மேல் கட்டிய வரிதான். மதிப்பீடு ஏன் இரட்டித்தது என்று ஒரு பக்கமாவது மக்களுக்குப் புரியும்படி எழுதித் தர வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

"ஆழ்கடல் படகுக்கு 70 சதவீதம் மானியம் குடுத்தும் ஏன் யாரும் வாங்கல? நம்ம ஆளுங்க சோம்பேறின்னு அதிகாரி சொன்னாரு."

சோம்பேறி அதிகாலையில் எழுந்து கடலுக்குப் போக மாட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திட்டத்தின் நோக்கம் நல்லது, அதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

பாக் நீரிணையில் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, போடுவதால் கடலடி கெடுகிறது, இலங்கைக் கடற்படையிடம் சிக்கி ஆளும் படகும் போகிறது. அதனால் இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 2017இல் திட்டம் வந்தது. மூன்று வருடத்தில் 2,000 படகு, 1,600 கோடி ரூபாய். 2017 ஜூலையில் பிரதமர் மோடி ராமேசுவரம் வந்தபோது பயனாளிகளுக்கு ஆணை கொடுத்தார். ஒரு படகு 80 லட்சம் என்று கணக்கு. மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். முதல் ஐந்து வருடத்தில் நூறு படகைக் கூட எட்டவில்லை.

ஏன் என்று படகுக்காரர்களைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்கள். ராமேசுவரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வருகிற தொழில். சூரை மீன் தொழிலுக்குப் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். தூண்டில் வரிசை போடுவது வேறு கை. பாக் நீரிணைக் கரையில் ஆழம் இல்லாததால் படகைக் கட்ட இடம் இல்லை. பிடித்த மீனை வாங்க ஆள் எங்கே, ஐஸ் எங்கே என்பது அடுத்தது. 80 லட்சத்தில் படகு முடியவும் இல்லை, பின்னால் ஒரு கோடியே 20 லட்சமாக மதிப்பை உயர்த்த வேண்டி வந்தது. ஏற்கெனவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும் ஒருவர் எந்த நம்பிக்கையில் அதில் இறங்குவார்? பயிற்சி, துறைமுகம், சந்தை மூன்றையும் முதலில் வைத்து, இருபது படகில் செய்து காட்டியிருந்தால் வரிசையில் நின்றிருப்பார்கள்.

"ஏற்கெனவே கட்டினதை ரிப்பேர் பண்ணாம புதுசு புதுசா ஏன் கட்டுறாங்க?"

புதிதாகக் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பேர் செய்தால் வைக்க முடியாது. இது முதல் காரணம். இரண்டாவது, கட்டுமானத்துக்குப் பணம் ஒரு திட்டத்திலிருந்து வரும், பராமரிப்புக்கு ஊராட்சியோ துறையோ தன் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கே கரண்ட் பில் கட்டவே இழுபறி.

கடலாடிப் பக்கம் நரிப்பையூரில் 1990களின் கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 38 லட்சம் லிட்டர் என்றார்கள். அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் அப்படிப்பட்ட ஆலையில் உப்பை வடிகட்டும் சவ்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மின்சாரம் அதிகம் இழுக்கும், உப்புக் காற்றில் குழாயும் பம்பும் சீக்கிரம் இற்றுப் போகும். நம் கடற்கரையில் எதைக் கட்டினாலும் வருடா வருடம் ஆகும் செலவைக் கட்டுகிற அன்றே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதற்கு அது பாடம். உள்ளூரில் சொல்வதானால், ஹைமாஸ் விளக்கை நிறுத்தும் முன் பல்பு மாற்றுவது யார் என்று எழுதி வாங்குங்கள்.

"மார்ச் மாசம் வந்தா மட்டும் அவசர அவசரமா ரோடு போடுறாங்களே, ஏன்?"

நிதி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு பெரும்பாலும் திரும்பிப் போய்விடும், அடுத்த வருடம் குறைத்து ஒதுக்குவார்களோ என்ற பயமும் உண்டு. அதனால் பத்து மாதம் தூங்கிய கோப்பு பிப்ரவரியில் எழும்பும். அவசரத்தில் போட்ட சிமெண்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஆற விட மாட்டார்கள், நமக்கோ குடிக்கவே தண்ணீர் இல்லாத காலம். மார்ச்சில் வேலை நடந்தால் நின்று பாருங்கள்.

"போர்டுல போட்டிருக்க தொகையும் நிஜமா செலவானதும் ஒண்ணா?"

ஒன்றில்லை. பலகையில் இருப்பது பெரும்பாலும் மதிப்பீட்டுத் தொகை. டெண்டரில் காண்ட்ராக்டர் அதைவிடக் குறைத்தோ கூட்டியோ எடுத்திருப்பார், அது ஒப்பந்தத் தொகை. வேலை நடக்க நடக்கப் பொறியாளர் அளந்து எழுதுவது அளவுப் புத்தகம், எம் புக் என்பார்கள். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் எம் புக். டெண்டருக்கு 1998ஆம் ஆண்டு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது யாருக்கு வேலை கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்கும், அந்த வேலை தேவையா என்று பார்க்காது.

"ஆடிட் பண்ணத்தானே செய்றாங்க? அப்புறம் எப்படி இதெல்லாம் நடக்குது?"

ஊராட்சிக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. மாநில அரசின் கணக்கை இந்தியக் கணக்காயர், அதாவது சிஏஜி பார்க்கிறார். அவர் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும், அங்கே பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் தணிக்கையாளர் தண்டனை கொடுக்க முடியாது. எல்லா வேலையையும் பார்க்கவும் முடியாது, மாதிரிக்குச் சிலவற்றைத்தான் எடுப்பார். அறிக்கை வரும்போது வருடங்கள் ஓடிப் போயிருக்கும்.

இன்னொன்று. ரசீதுத் தணிக்கையில் அந்தக் கருவாட்டுக் களத்துக்கு ஒரு குறையும் வராது. டெண்டர் சரி, அளவு சரி, கட்டடம் இருக்கிறது. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. அது பெரிய திட்டங்களுக்குத்தான் நடக்கும். நம் ஊர்க் களத்துக்குச் செயல்திறன் தணிக்கை நாம்தான்.

"தகவல் கேட்டு மனு போட்டா ஏதாவது பிரச்சினை வருமா? எப்படி எழுதணும்?"

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஊழல் நடந்ததா?" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. "இன்ன வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தம், எம் புக் நகல்கள் வேண்டும்" என்று தாளைக் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாதது ஒன்று. இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவுப்படி வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. நாங்கள் ஒருமுறை எங்கள் ஊர் பேவர் பிளாக் ரோட்டுக்கு எம் புக் நகல் வாங்கினோம். தாளில் 110 மீட்டர். தையல் வேலை செய்யும் ஒரு அக்கா தன் இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்தார், இரண்டு பெண்கள் பிடிக்க ஒருத்தி சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். 86 மீட்டரில் ரோடு முடிந்துவிட்டது. சத்தம் போடவில்லை, அளந்ததை எழுதி ஏழு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். மூன்று வாரத்தில் மீதிக் கல்லை இறக்கிப் பதித்தார்கள்.

பிரச்சினை வருமா என்றால், வரலாம். "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து கேட்டார். சட்டம் குடிமகனுக்குத்தான் உரிமை தருகிறது, எனவே குழுவின் பெயரில் போடாமல் தனித்தனிப் பெயரில் போடுங்கள். ஆனால் நான்கு பேர் ஒரே நாளில் போடுங்கள். தனியாக ஒருத்தி மட்டும் முன்னால் நிற்க வேண்டாம்.

"கிராம சபையில கேட்டா 'பரிசீலிக்கப்படும்'னு எழுதிட்டுப் போயிடுறாங்க. போய் என்ன பிரயோஜனம்?"

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை. 2025 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்த பிறகும் கிராம சபை நின்றுவிடவில்லை. பிரயோஜனம் இல்லாமல் போவது பொதுவாகப் பேசுவதால். "எங்க ஊருக்கு ஒண்ணுமே செய்யல" என்றால் யாரும் பதில் சொல்ல முடியாது. போன முறை செலவு எவ்வளவு, இந்த வேலைக்கு மதிப்பீடு எவ்வளவு, எந்த இடம் என்று தாளை வைத்துக்கொண்டு கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அதற்கு அப்புறம் நான் ஒன்றும் செய்ய முடியாது.

"நாமளே கேள்வி கேட்டா வர்ற பணமும் வேற ஊருக்குப் போயிடுமே அக்கா?"

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்குக் கடினமானது. அந்தப் பயம் உண்மையானது. ஒரு ஏலக்கூடத்தை இடம் மாற்றச் சொல்லிக் கேட்டு, அந்த வருடம் அது எங்கள் பக்கமே வராமல் போனது. ஊரில் என்னோடு இரண்டு மாதம் பேசாதவர்கள் உண்டு.

ஆனால் வந்தால் போதும் என்று வாங்கிக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. தூண்டில் வளைவை, அதாவது அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் போடும் கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஊரில் கல்லைப் போடு என்று கெஞ்சுவார்கள், நானும் கெஞ்சுவேன். ஆனால் கரையை ஒட்டி நகரும் மணலை அந்தக் கல் ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுபக்கத்து ஊருக்குப் போகிற மணல் நின்று அங்கே அரிப்பு தொடங்கும். அப்புறம் அவர்கள் கல் கேட்பார்கள். அடுத்தது அதற்கடுத்த ஊர். கடற்கரை முழுக்கக் கல்லைக் கொட்டினாலும் தீராத செலவு அது. அந்தக் கரையில் மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வருடம் அளந்துவிட்டு, இரண்டு ஊரையும் உட்கார வைத்துப் பேசிப் போட்டால் நிற்கும். ஆகவே கேட்கும்போது "வேண்டாம்" என்று கேட்காதீர்கள். "வேண்டும், ஆனால் இந்த இடத்தில், இந்த மாதிரி" என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் ஏலக்கூட மனுவில் நாங்கள் மாற்று இடத்தின் சர்வே எண்ணைப் போடவில்லை. அது எங்கள் தவறு.

"சரி, இப்ப நடக்குற வேலைல எதைக் கவனிக்கணும்?"

என்னைக் கேட்டால் தொண்டிப் பக்கம் வளமாவூரில் வரும் கடற்பாசிப் பூங்கா. 127 கோடிக்கு மேல் மதிப்பீடு, 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நாற்று வளர்ப்பதிலிருந்து பொருளாக்கி விற்பது வரை ஒரே இடத்தில் என்பது யோசனை. மண்டபத்திலும் பாம்பன் பக்கத்திலும் விடியற்காலையில் முகமூடிக் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க மூழ்கும் பெண்களுக்கு இதனால் நல்லது நடந்தால் நான் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன்.

ஆனால் எல்லாம் கட்டி முடித்த பிறகு கேட்கிற கேள்வியால் ஒரு செங்கல் கூட நகராது, மேலே சொன்ன களத்தையும் படகையும் பாருங்கள். அதனால் இப்போதே கேட்க வேண்டியது இவ்வளவு. மண்டபத்துப் பெண்கள் அவ்வளவு தூரம் பாசியை எப்படிக் கொண்டு போவார்கள், வண்டி யாருடையது? கோடையில் கடல் சூடேறி மிதவையில் பாசி வெந்து போனால் நாற்று எங்கிருந்து வரும், நஷ்டம் யாருக்கு? கிலோவுக்கு என்ன விலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் உண்டா? ஐந்தாவது வருடத்தில் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் எந்தத் தலைப்பிலிருந்து? இந்த நான்கையும் எழுதி, பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மீன்வளத் துறைக்கு அனுப்பலாம். மாதிரி மனு ஒன்று என் நோட்டில் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கு வரும்போது கேளுங்கள், பார்த்து எழுதிக்கொள்ளலாம்.